ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத மூன்று அடி

அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இல்லை" என்பதுதான் அதற்கு உண்மையான பதில். அதை நான் சொல்லவில்லை. "முதலாளியைக் கேட்டுக்குங்க அண்ணா" என்றேன். சொல்லிவிட்டு, டைப்ரைட்டரில் ஏற்கெனவே நேராக இருந்த காகிதத்தை மறுபடியும் நேராக்கினேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, கணபதியில் நான் வேலை பார்த்த வண்டிப் பட்டறையில் டெலிபோன் அடித்தது. ஆபீசைத் திறந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன்களை ஓட்டுகிற காண்ட்ராக்டர் பேசினார். "முதலாளி இருக்காராம்மா? பொள்ளாச்சி ரோட்டுல நம்ம வேன் கவுந்துபோச்சு. டிரைவர் அங்கயே போய்ட்டான்."

ரிசீவரை முதலாளியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு விநாடிதான் கேட்டார். பிறகு முதல் வார்த்தையாக இதைக் கேட்டார்: "எந்த எடத்துல முறிஞ்சுது?"

முறிந்தது என்று காண்ட்ராக்டர் என்னிடம் சொல்லவில்லை. கவிழ்ந்தது என்றுதான் சொன்னார். முதலாளியிடமும் அதற்குள் அவர் எதுவும் விளக்கியிருக்க நேரமில்லை. முறியும் என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. அந்த ஆபீஸ் அறையில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இறந்தவர் திரு. நாச்சிமுத்து. வயது நாற்பத்தாறு. வெள்ளகோவிலுக்குப் பக்கத்து ஊர்; பிழைப்புக்காகக் கணபதியில் வாடகை வீட்டில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். இருபத்திரண்டு வருஷம் லாரியும் வேனும் ஓட்டினார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதும்படி டிரைவர் சங்க இதழை நடத்துகிறவர்கள் கேட்டார்கள். கூடவே, பட்டறையின் பெயரையும் காண்ட்ராக்டரின் பெயரையும் மில்லின் பெயரையும் எழுத வேண்டாம் என்றார்கள். வழக்குப் போடுவார்களாம். சரி, எழுதவில்லை. நாச்சிமுத்து அவர்களின் பெயரை மட்டும் விபத்துக்கு மறுநாள் பத்திரிகைகள் ஊரோடும் வயதோடும் போட்டன, குற்றவாளி என்று. அதற்கு வழக்குப் போட யாரும் இல்லை.

முதன்முதலாக அவரை நான் பார்த்தது நான்கு வருஷத்துக்கு முன்பு, நான் ஒரு லாரிக்கு அடியில் குனிந்து கிடந்தபோது. ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் நீளவாட்டில் இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடும். அதைத்தான் சேஸ் என்கிறோம். எஞ்சினும் சக்கரமும் சீட்டும் எல்லாம் அதன்மேல் உட்கார்ந்திருப்பவைதான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சட்டத்தில் ஓர் எண்ணைக் கொத்தியிருப்பார்கள். எஃப்.சி.க்கு, அதாவது ஆர்.டி.ஓ. ஆபீசில் தகுதிச் சான்று வாங்க, வண்டியைக் கொண்டுபோகும்போது, அந்த எண்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் காகிதத்தில் எழும்பும். அதை விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டும். பட்டறை ஆட்களின் கை கிரீஸ் பட்டுக் காகிதம் அழுக்காகிவிடும் என்பதால் அந்த வேலைக்கு எப்போதும் என்னைக் கூப்பிடுவார்கள். நன்றாகச் செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க அம்மணி, பொறந்த கொழந்தைக்குப் பவுடர் போடற மாதிரியல்ல தேய்க்கறீங்க! லாரிக்குக் கூச்சமா இருக்கப்போகுதுங்."

சிரித்துவிட்டேன். எழுந்தபோது நெற்றி சட்டத்தில் இடித்தது. அவர் சிரிக்கவில்லை, காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்பரு நல்லா வந்திருக்குதுங். ஆனா நம்பர மட்டும் பார்த்தாப் போதுமுங்களா? மத்ததெல்லாம் ஆரு பாக்கறது?" என்றார்.

அது வெறும் பேச்சு என்று நினைத்தேன். அவருக்கு அது வெறும் பேச்சாக இல்லை. லாரியோ வேனோ, எதை ஓட்டச் சம்மதிப்பதற்கு முன்னும் அதன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படிப்பார். வண்டியின் நிறம், இருக்கைகளின் எண்ணிக்கை, ஏற்றலாம் என்ற எடை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் எல்லாம் அதில் இருக்கும். நான் மேஜைக்கு அடியில் லைப்ரரி புத்தகம் வைத்துப் படிப்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். "இதுல கடைசீல ஆராச்சும் சாகறாங்களாங்க? அத மட்டும் முதல்லயே சொல்லிப்போடுங்க. நான் நிம்மதியா வண்டி ஓட்டோணும்" என்பார். ஒருமுறை நான், "நீங்க எதுவும் படிக்க மாட்டீங்களா அண்ணா?" என்று கேட்டேன். "நான் படிக்கற ஒரே பொஸ்தகம் ஆர்.சி. புக்குத்தானுங்க. அதுல ஒரு வரி பொய்யின்னாக்கூட நான் சாவியத் தொட மாட்டேன்" என்றார்.

தொடவில்லை என்பதுதான் விஷயம். அவருடைய மனைவி ருக்மணி அக்கா ஒரு தடவை எங்கள் பட்டறைக்கே வந்து இதைச் சொல்லி அழுதார். செங்கல் லாரி ஒன்றில் இரண்டு பக்கமும் பலகையை உயர்த்தி அடித்து அதிகப் பாரம் ஏற்றினார்கள். நாச்சிமுத்து அவர்கள் லாரியை அப்படியே அதன் ஓனர் வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியை அவருடைய அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு டவுன் பஸ் ஏறி வந்துவிட்டார். பிறகு ஒரு டேங்கர். பிறகு ஒரு பள்ளிக்கூட வேன். "ஊர்ல இருக்கற டிரைவருக்கெல்லாம் கண்ணில்லையாக்கும்? இவருக்கு மட்டுந்தான் கண்ணு இருக்குதாமா!" என்று அக்கா என்னிடம் முறையிட்டார். பக்கத்தில் நின்ற அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அவிகளுக்கெல்லாம் கண்ணு இருக்குது. எனக்குப் பயம் இருக்குது. அவ்வளவுதானுங்க வித்தியாசம்" என்றார்.

பயந்தவர் என்று அவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாய் அப்படி. எங்கள் பட்டறைக்கு அவர் வைத்த பெயர் "தையக்கடை". முதலாளி காதுபடவே சொல்வார். "துணி மூணு அடி பத்தலைன்னு போனா, இங்க ஒட்டுப்போட்டுத் தெச்சுக் குடுத்தர்றாங்க. காஜா பட்டன் மட்டும் வெளிய பார்த்துக்கோணும்." முதலாளியும் சிரிப்பார். நாச்சிமுத்து அவர்களின் கேலியில் உறைப்பு இருக்கும். ஆனால் கேட்டவர் சிரிக்காமல் இருக்க முடியாது. கோபமும் சட்டென்று வரும். வெந்நீர் ஆறிப்போனதற்குக்கூட டீக்கடைக்காரரிடம் சண்டை போட்டவர் அவர். அதையெல்லாம் இப்போது மறைத்து அவரைச் சாந்தமானவர் என்று எழுதினால் அவரே என்னைக் கேலி செய்வார்.

அந்தக் கேலியில் இருந்தது உண்மை. வேனை நடுவில் வெட்டி நீட்டுவது எங்கள் பட்டறையில் வழக்கமான வேலை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் அந்த இரும்புச் சட்டங்களைக் குறுக்கே வெட்டி, இடையில் புதிய துண்டுகளை வைத்து வெல்டிங் அடித்து, மேலே தகரம் போர்த்திப் பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டு வரிசை சீட் கூடும். சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பது பொய்யாகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது; மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். நான் அங்கே இருந்த ஐந்து வருஷத்தில் அப்படி ஒரு விண்ணப்பம்கூட டைப் செய்ததில்லை.

ஏனென்றால் தேவைப்படவில்லை. சேஸ் எண் முன்பாதியில் இருக்கிறது. வெட்டுவது அதற்குப் பின்னால். எத்தனை அடி நீட்டினாலும் எண் அப்படியே இருக்கும். என்னுடைய பென்சில் அதைத் துல்லியமாக எடுத்துக் கொடுக்கும். இன்ஸ்பெக்டர் காகிதத்தில் உள்ள எண்ணையும் புத்தகத்தில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்ப்பார். ஹாரன் அடிக்கிறதா, லைட் எரிகிறதா என்று பார்ப்பார். கூடுதலாகப் போட்ட சீட்டுகளை எஃப்.சி. அன்று காலையில் கழற்றிப் பட்டறையில் வைத்திருப்போம், சாயங்காலம் மாட்டிவிடுவோம். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே திசையில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தோம்.

போன மார்கழியில் அந்தக் காண்ட்ராக்டரின் வேன் வந்தது. பொள்ளாச்சி ரோட்டில் கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றி மில்லுக்குக் கொண்டுவரும் வேன். இன்னும் பத்துப் பேர் ஏற வேண்டும் என்றார். மூன்று அடி என்று முடிவாயிற்று. எங்கள் பட்டறையில் வெல்டிங் வேலையில் மூத்தவர் காதர் பாய். அவர் அன்று முதலாளியிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "நேரா வெட்ட வேண்டாமுங்க. சாய்வா வெட்டி, ரெண்டு பக்கமும் நீளமாப் பட்டை வெச்சு அடிக்கோணும். இல்லாட்டி பாரமெல்லாம் ஒட்டு மேலயே உக்காருமுங்க."

"எத்தனை நாளாகும்?"

"ஒரு வாரமாச்சும் ஆகுமுங்க."

"பொங்கலுக்கு முன்னால டெலிவரி குடுக்கோணும் பாய். நேரா வெட்டுங்க. மேல ஒரு தகடு வெச்சு விடுங்க."

காதர் பாய் மூன்று நாளில் முடித்தார். நான் பென்சிலைத் தேய்த்தேன். எஃப்.சி. ஆயிற்று.

அந்த வேனுக்கு டிரைவராக வந்தவர் நாச்சிமுத்து அவர்கள்.

அதற்கு முன்பு இரண்டு மாதமாக அவருக்கு வேலை இல்லை. இந்தத் தடவை வாயைத் திறக்க மாட்டேன் என்று ருக்மணி அக்காவிடம் மகள் தலைமேல் கை வைத்துச் சொல்லியிருந்தாராம். வேனை எடுத்துப்போக வந்தவர், பழக்க தோஷத்தில் அடியில் புகுந்து பார்த்தார். வெளியே வந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். உள்ளறையில் முதலாளியும் காண்ட்ராக்டரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அம்மணி, இந்த வண்டிய நீட்டுனதுக்கு எழுதிக் குடுத்து அனுமதி வாங்கியிருக்குதுங்களா?"

நான் உள்ளறைக் கதவைப் பார்த்தேன்.

"நீங்கதான டைப் அடிக்கறவங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். சாவிய வெச்சுட்டுப் போயிருவேன். ருக்மணிகிட்ட நான் பேசிக்கறேன்."

அப்போதுதான் நான் முதலாளியைக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அதற்குள் முதலாளியே வெளியே வந்துவிட்டார். "என்ன நாச்சிமுத்து, வந்த ஒடனே ஆரம்பிச்சுட்டயா? எஃப்.சி. ஆன வண்டியப்பா! கவர்மெண்ட்டே கையெழுத்துப் போட்டாச்சு. ஒனக்கு மேல படிச்ச ஆபீசரு." காகிதத்தை எடுத்துக் காட்டினார். நாச்சிமுத்து அவர்கள் அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஏராளமாகப் படித்தவள் என்ற நினைப்பு உள்ளவள். அநியாயத்தை எதிர்த்து நின்றவர்களைப் பற்றிக் கண்ணீர் விட்டுப் படித்திருக்கிறேன். மூன்று எழுத்து வார்த்தை ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வேலை போனால் வேறு வேலை கிடைத்திருக்கும். எனக்குப் பெரிய ஆபத்து எதுவும் இருக்கவில்லை. சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான். சங்கடத்துக்காக ஒரு மனிதரை அந்த வண்டியில் ஏற்றி அனுப்பினேன். முதலாளிமீது எனக்குள்ள கோபத்தை எழுதுவதற்கு முன் இதை எழுதியாக வேண்டும்.

ஒன்றரை மாதத்தில் அவர் திரும்பி வந்தார். பக்கவாட்டுக் கதவு சாத்தவில்லை. வண்டி காலியாக இருந்தால் சாத்துகிறது. ஆள் ஏறினால் சாத்துவதில்லை. அதன் பொருள் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். பாரம் ஏறும்போது சேஸ் நடுவில் தொய்கிறது. தொய்ந்தால் கதவின் சட்டம் கோணலாகிறது. அவர் கதவின் விளிம்பில் சாக்பீசால் கோடு போட்டு வைத்திருந்தார். காலி வண்டிக்கு ஒரு கோடு, ஆள் ஏறிய வண்டிக்கு ஒரு கோடு. முதலாளி என்ன செய்தார் தெரியுமா? கதவை ராவிக் கொடுக்கச் சொன்னார். ஆட்கள் அரம் வைத்துக் கதவின் ஓரத்தைத் தேய்த்துச் சிறிதாக்கினார்கள். கதவு சாத்தியது.

மறு மாதம் மறுபடியும் வந்தார். மறுபடியும் ராவினார்கள். மூன்றாம் முறை வந்தபோது காலி வண்டியில் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தது. நாச்சிமுத்து அவர்கள் அந்த இடைவெளியில் விரலை விட்டுக்கொண்டே, "வலி எலும்புல இருக்குதுங்க முதலாளி. நீங்க சட்டையக் கத்தரிச்சுட்டே இருக்கறீங்க" என்றார். "தையக்கடைன்னு நான் சும்மா சொன்னேன். நெஜமாவே ஆக்கிப்போட்டீங்க."

இந்தத் தடவை முதலாளி சிரிக்கவில்லை. "புடிக்கலைன்னா எறங்கிக்க. வண்டி ஓட்ட ஆளா இல்ல?"

அவர் இறங்கவில்லை. மகள் அந்த வருஷம் பத்தாவது எழுதுகிறாள். ஆனால் ஒன்று செய்தார். பழைய கணக்குக்கு எத்தனை பேரோ அத்தனை பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு, மீதிப் பெண்களுக்காக இரண்டாவது நடை போனார். இரண்டாவது நடையில் வந்தவர்கள் மில்லுக்குத் தாமதமானார்கள். மில்லில் திட்டினார்கள். பெண்கள் அவரைத் திட்டினார்கள். அந்த வேனில் வந்த தனலட்சுமி பின்னால் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்: "நாங்களே கத்துனோமுங்க்கா. 'எடம் இருக்குதில்ல, ஏத்திக்கிட்டா உங்க ஊட்டுச் சொத்தா கொறையுது'ன்னு கேட்டேன். அண்ணன் அடுத்த நடைக்கு வண்டியத் திருப்பிட்டாரு." பத்தாவது நாள் காண்ட்ராக்டர் வந்து எல்லோரையும் ஒரே நடையில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

விபத்து நடந்த காலை பற்றியும் தனலட்சுமி சொன்னதுதான் எனக்குத் தெரிந்தது. கிணத்துக்கடவைத் தாண்டி ஒரு தரைப்பாலத்தில் இறங்கி ஏறும்போது காலடியில் வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். "நடுவுல மடங்குச்சுங்க்கா. எங்க காலு மேல வந்துருச்சு. அண்ணன், 'கம்பியப் புடிங்க, கம்பியப் புடிங்க'ன்னு கத்துனாரு. எதுத்தாப்புல லாரி. அண்ணன் காட்டுப் பக்கம் ஒடிச்சுப்போட்டாரு." வேன் ரோட்டை விட்டு இறங்கி, முன்பக்கம் ஒரு புளியமரத்தில் மோதிச் சரிந்தது. பெண்களில் கை கால் முறிந்தவர்கள் உண்டு. யாரும் சாகவில்லை. முன்னால் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

போலீஸ் எழுதியது: அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியது. எந்த விபத்தானாலும் எழுதுகிற அதே வார்த்தைகள். ஸ்டேஷன் வாசலில் கிடந்த வேனை ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பார்வையிட்டு எழுதியது: விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல. சேஸ் முறிந்திருக்கிறதே என்றால், மரத்தில் மோதியதால் முறிந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பது போல இந்த வாக்கியங்களைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்கிறார்கள். ஒரு மனிதர் இருபத்திரண்டு வருஷமாக ஒழுங்காக ஓட்டியதை அழிக்க அவர்களுக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது. மரத்தில் மோதி முறிந்திருந்தால் முன்னால் அல்லவா முறிந்திருக்க வேண்டும்? அது ஒட்டு வைத்த இடத்தில் எப்படி அத்தனை நேராக முறிந்தது? பெண்கள் காலடியில் கேட்ட சத்தம் எது? ஒருவரும் கேட்கவில்லை. மில்லிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் வந்து, கண்டதையும் பேச வேண்டாம் என்று பெண்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

சொந்த ஊரில் அடக்கம் நடந்தது. வந்திருந்த ஒரம்பரைச் சொந்தங்களில் பாதிப்பேர், "தூங்கிட்டானாமா" என்று பேசிக்கொண்டார்கள். காண்ட்ராக்டர் பெரிய மாலை ஒன்று கொடுத்தனுப்பியிருந்தார். ருக்மணி அக்கா அதைப் போட விடவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, இவரு தூங்கிட்டாருங்களா?"

"இல்லீங்க்கா."

"வண்டில கோளாறுங்களா?"

"ஆமாங்க்கா. எங்க பட்டறைல செஞ்ச கோளாறு. எனக்குத் தெரியும்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது?" என்றார். "எழுதிக் குடுங்க. 'உங்கப்பன் அத்தனை பொம்பளைகளக் கொல்லப் பார்த்தவன்'னு எம் பொண்ணை அவகூடப் படிக்கற புள்ளைகளே கேட்டிருக்கறாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அவரு பேரு அந்தக் காகிதத்துல இருந்து போகோணும்."

எழுதினேன். எந்த நாளில் வெட்டினார்கள், எத்தனை அடி வைத்தார்கள், எஃப்.சி. அன்று எந்தச் சீட்டுகளைக் கழற்றினார்கள், எண்ணைத் தேய்த்து எடுத்தது நான்தான், எல்லாம். பட்டறையின் வேலைக் குறிப்பேட்டில் அந்த நாள் பக்கம் அதற்குள் கிழிக்கப்பட்டிருந்தது. ஆகவே மனுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வேனின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே டேப் பிடித்து அளந்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அளவோடு ஒத்துப் பாருங்கள். மூன்று அடி அதிகம் இருக்கும். அந்த மூன்று அடியை நாச்சிமுத்து வைக்கவில்லை.

காதர் பாயிடம் கையெழுத்துக் கேட்டேன். "நான் போட்டா என்னையத்தான பாப்பா உள்ள வெப்பாங்க?" என்றார். பொய்யில்லை. கோட்டைமேட்டு முஸ்லிம் ஒருவர் போலீஸ் ஸ்டேஷன் படியேறத் தயங்குவதற்கு, அங்கிருந்தவர்களைப் போலீஸ் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சமயம் வேறு காரணமும் இருந்தது, ஊருக்கே தெரியும். நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை நான் பஸ் ஏறப் போனபோது, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் ஸ்டாப்பில் நின்றிருந்தார். "என்ற கை வெச்ச ஒட்டு பாப்பா அது. நேரா வெட்டக் கூடாதுன்னு தெரிஞ்சும் வெட்டுனது நாந்தான்" என்றார். இருவரும் போனோம்.

சப்-இன்ஸ்பெக்டர் மனுவை இரண்டு தடவை படித்தார். காதர் பாயை உட்காரச் சொல்லவில்லை. என்னிடம், "ஏம்மா, செத்துப்போன டிரைவர் உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"தெரிஞ்சவருங்க."

"தெரிஞ்சவருன்னா?"

அவர் கேட்ட விதத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. "வண்டியை அளந்து பாருங்க சார். அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"வண்டி கோர்ட் மூலமா ஓனர்கிட்டப் போயிருச்சு. அளக்கச் சொல்லி எழுதறோம். போய்ட்டு வாங்க."

மனு கொடுத்த ரசீதை வாங்கிக்கொண்டு வந்தோம். அடுத்த நாள் பட்டறையில் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. போயிருக்க வேண்டிய வேலை, ஐந்து மாதம் தாமதமாகப் போயிற்று.

நாச்சிமுத்து அண்ணா, இதைப் படிக்கிற டிரைவர்களில் பலர் இன்றும் நீட்டிய வேனைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் காலை அவர்களில் ஒருவராவது வண்டிக்கு அடியில் புகுந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு, அங்கே எழுத்து வேலை பார்க்கிறவளிடம் வந்து கேட்கட்டும். அவளுக்கு வாய் வரட்டும். உங்களை நினைத்தால் எனக்கு மரமும் ரோடும் ஞாபகம் வருவதில்லை. வேனுக்கு அடியிலிருந்து உங்கள் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே இருந்து யாரையோ கேலி செய்யும் குரல் வருவதுதான் ஞாபகம் வருகிறது. ஊரே மேலிருந்து பார்த்துவிட்டுப் போன வண்டியை, முதுகில் மண் ஒட்டக் கீழே படுத்துப் பார்த்தவர் நீங்கள். போய் வாருங்கள்.

மனு கொடுத்த பன்னிரண்டாம் நாள் வேனை அளந்தார்கள். அதற்குள் அது வேறொரு பட்டறைக்குப் போய், நடுவில் வைத்த துண்டை எடுத்துவிட்டு, பழைய அளவுக்கே ஒட்டப்பட்டுப் புதுப் பெயிண்டோடு நின்றது. சேஸ் எண் சரியாக இருந்தது. நீளமும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. என் மனுவில் ஆதாரமில்லை என்று எழுதினார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஓட்டுநர் நாச்சிமுத்து இறந்துவிட்டதால் வழக்கை முடித்தார்கள்.